அம்மாவின் போனுக்கு எந்த ரீசார்ஜ் போடுவது?

அதிகம் பேசாதவர்களுக்கு ரீசார்ஜ் தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டம். நாள் முழுக்க வீடியோ பார்ப்பவர் எந்தத் திட்டம் போட்டாலும் கொடுத்த காசுக்கு ஓட்டிவிடுவார். வாரத்துக்கு நாலு போன் பேசுகிறவருக்கு, பேசுகிற செலவைவிட நம்பரை உயிரோடு வைத்திருக்கும் செலவுதான் பெரிது. எங்கள் குடும்பத்தில் அம்மாவின் போன், மாமனாரின் போன், என்னுடைய இரண்டாவது சிம் மூன்றுக்கும் சில வருடங்களாக நான்தான் ரீசார்ஜ் போடுகிறேன். மூன்றும் குறைவாகப் பயன்படும் நம்பர்கள். ஆனாலும் மூன்றுக்கும் மூன்று விதமான திட்டம் தேவைப்பட்டது.

அம்மா கொடுமுடி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். பட்டன் போன். அவராகக் கூப்பிடுவது எனக்கும் தம்பிக்கும், அப்புறம் பக்கத்து ஊரில் இருக்கும் சித்திக்கும். மற்றபடி வருகிற போனை எடுப்பார். மாதம் பாதியானால் மகளிர் உரிமைத் தொகை வங்கியில் ஏறிவிட்டதா என்ற மெசேஜுக்குக் காத்திருப்பார். கரண்ட் பில், கேஸ் சிலிண்டர், ரேஷன் கார்டு எல்லாம் அந்த நம்பரில்தான். "ஏங் கண்ணு, வர்ற போனுக்கு நான் எதுக்குக் காசு கட்டோணும்?" என்று ஒவ்வொரு ரீசார்ஜுக்கும் கேட்பார்.

அந்தக் கேள்வி நியாயமானது. இந்தியாவில் 2003-லிருந்து வருகிற அழைப்புக்குக் கட்டணம் இல்லை. அதற்குச் சில வருடங்கள் கழித்து 'லைஃப்டைம் கார்டு' வந்தது. ஒருமுறை பணம் கட்டினால் போதும், இன்கமிங் எப்போதும் வரும் என்று சொல்லித்தான் விற்றார்கள். அப்பா அதை நம்பித்தான் அம்மாவுக்கு அந்த சிம்மை வாங்கிக் கொடுத்தார். 2018 கடைசியில் நிலைமை மாறியது. தனியார் நிறுவனங்கள் மாதம் குறைந்தது இவ்வளவு ரீசார்ஜ் செய்தால்தான் சேவை தொடரும் என்றன. அப்போது அந்தத் தொகை 35 ரூபாய். பிறகு ஏறிக்கொண்டே போனது. ஏர்டெல்லை எடுத்துக்கொண்டால், 2021 ஜூலையில் 49 ரூபாய்த் திட்டத்தை எடுத்துவிட்டு 79-ஐ அடிமட்டம் ஆக்கினார்கள். அதே வருடம் நவம்பரில் அது 99 ஆனது. 2024 ஜூலையில் எல்லா தனியார் நிறுவனங்களும் விலை ஏற்றியபோது 28 நாள் திட்டம் 179-லிருந்து 199 ஆனது. அம்மா பேசும் நிமிடங்கள் இத்தனை வருடங்களில் கூடவே இல்லை.

இதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனாலும் ரீசார்ஜ் போட்டாக வேண்டும். அதனால் கணக்குப் பார்க்கும் விதத்தை மாற்றினேன்.

குறைவாகப் பேசுபவர் வாங்குவது நாட்களைத்தான். ஜிபி, நிமிடம், இலவச ஆப் எல்லாம் அதற்குப் பிறகு. ஒரு திட்டத்தின் விலையை அதன் நாட்களால் வகுத்துவிடுவேன். 199 ரூபாய்க்கு 28 நாள் என்றால் ஒரு நாளைக்கு 7 ரூபாய் 10 காசு. மாதம் என்று நாம் நினைப்பது 28 நாள் என்பதால் வருடத்துக்கு 13 முறை போட வேண்டியிருக்கும். மொத்தம் 2,587 ரூபாய். 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், 30 நாள் திட்டம் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொன்னது. அதனால் அவையும் இருக்கின்றன. ஆனால் கடையில் அவற்றை யாரும் தாமாக எடுத்துச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

2024 டிசம்பரில் ட்ராய் இன்னொரு விதி கொண்டு வந்தது. டேட்டா இல்லாமல், பேசுவதற்கும் மெசேஜுக்கும் மட்டும் ஒரு திட்டமாவது ஒவ்வொரு நிறுவனமும் வைக்க வேண்டும். சிறப்புக் கட்டண வவுச்சர் என்கிற வகை ரீசார்ஜுக்கு அதிகபட்சம் 90 நாள் என்று இருந்த வரம்பும் 365 நாள் ஆனது. பட்டன் போன் வைத்திருப்பவர்களை நினைத்து வந்த விதி என்பதால் நான் மிகவும் எதிர்பார்த்தேன். 2025 ஜனவரியில் திட்டங்கள் வந்தன. ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1,849. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748.

இவற்றையும் நாளால் வகுத்துப் பார்த்தேன். 469 ரூபாய்த் திட்டம் ஒரு நாளைக்கு 5 ரூபாய் 58 காசு. 1,849 ரூபாய்த் திட்டம் 5 ரூபாய் 7 காசு. 1,748 ரூபாய்த் திட்டம் பார்த்தவுடன் அதைவிட 101 ரூபாய் மலிவாகத் தெரியும். ஆனால் அது 336 நாள்தான், அதாவது பன்னிரண்டு 28. நாளுக்கு 5 ரூபாய் 20 காசு வருகிறது. 365 நாளுக்கு நீட்டினால் ஏறக்குறைய 1,899. விலையை மட்டும் பார்த்து எடுப்பவருக்கு இது புலப்படாது. நீண்ட நாள் திட்டம் எதைப் பார்த்தாலும் 336-ஆ 365-ஆ என்று முதலில் பாருங்கள்.

விலைகள் அடிக்கடி மாறுகின்றன. நீங்கள் படிக்கும்போது இந்த எண்கள் வேறாக இருக்கலாம். வகுத்துப் பார்க்கும் முறை மட்டும் எந்த விலைக்கும் பொருந்தும்.

டேட்டா இல்லாத திட்டத்தில் எனக்கு ஏமாற்றமும் இருந்தது. அதே சமயத்தில் ஏர்டெல்லில் வருடத்துக்கு 24 ஜிபி டேட்டாவோடு 365 நாள் திட்டம் 1,999 ரூபாய். டேட்டாவை முழுக்க எடுத்துவிட்டதற்கு வருடத்துக்குக் குறைத்தது 150 ரூபாய்தான். ட்ராய் திட்டம் இருக்க வேண்டும் என்று சொன்னதே தவிர, விலை இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மாதம் ஐம்பது அறுபது ரூபாயில், இன்கமிங்குக்கும் நூறு நிமிடப் பேச்சுக்கும் ஒரு திட்டம் எல்லா நிறுவனத்திலும் இருந்தால் கிராமத்தில் எத்தனை பேருக்கு அது போதும்! முதியோர் உதவித்தொகையில் வாழ்பவருக்கு மாதம் 200 ரூபாய் சிறிய தொகை இல்லை. இதை ட்ராய் செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மேலே சொன்ன திட்டங்களில் வரும் வரம்பில்லாத பேச்சு தேவைதானா என்பதையும் பார்க்க வேண்டும். நான் பார்த்தபோது பிஎஸ்என்எல்லில் 1,198 ரூபாய்க்கு 365 நாள் திட்டம் ஒன்று இருந்தது. மாதத்துக்கு 300 நிமிடம், 3 ஜிபி, 30 மெசேஜ். நாளுக்கு 3 ரூபாய் 28 காசுதான். 300 நிமிடம் என்றால் தினம் பத்து நிமிடம். அம்மா மாதம் எவ்வளவு பேசுகிறார் என்று கேட்டால் "எப்பவாச்சும் பேசறதுதான்" என்பார். அதை வைத்து முடிவெடுக்க முடியாது. பெரும்பாலான பட்டன் போன்களில் கால் லாகுக்குள் பேசிய நேரம் காட்டும் பகுதி இருக்கும். அதை ஊருக்குப் போனபோது பூஜ்யமாக்கிவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது அவர் கூப்பிட்டுப் பேசிய நேரத்தைப் பார்த்தேன். 300 நிமிடத்துக்கு எவ்வளவோ கீழே. வருகிற அழைப்பு இந்தக் கணக்கில் சேராது என்பதால், நீண்ட நேரம் பேச வேண்டியிருந்தால் நாங்களே திருப்பிக் கூப்பிட்டுவிடுகிறோம். ஓடிபி, வங்கி மெசேஜ் போல வருகிற மெசேஜும் அந்த 30-ல் சேராது. நாம் அனுப்புவது மட்டும்தான்.

இத்தனை கணக்கும் சிக்னல் இருந்தால்தான். அம்மாவின் வீடு ஓட்டு வீடு, பின்னால் தென்னந்தோப்பு. சமையல்கட்டில் இருக்கும்போது போன் அடிக்க வேண்டும். அங்கேதான் அவர் அதிக நேரம் இருப்பார். நிறுவனங்கள் காட்டும் கவரேஜ் வரைபடத்தில் எங்கள் ஊர் எல்லா நிறத்திலும் நிறைந்திருக்கிறது. அதனால் நான் வேறு வழி பார்த்தேன். வேறு வேறு சிம் வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரை வீட்டுக்குள் வரச் சொல்லி, சமையல்கட்டிலும் உள் அறையிலும் நின்று பேசிப் பார்த்தேன். ஒரு நிறுவனத்தின் சிக்னல் திண்ணையோடு நின்றுவிட்டது. இன்னொன்று உள்ளே நன்றாக இருந்தது, ஆனால் கரண்ட் போனால் சிறிது நேரத்தில் டவரும் போய்விடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். இதெல்லாம் அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்று இங்கே எழுதுவதில் பயனில்லை, உங்கள் தெருவில் விடை வேறாக இருக்கும்.

போனும் பொருந்த வேண்டும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. சாதாரண 2ஜி பட்டன் போனில் அந்த சிம் வேலை செய்யாது, 4ஜி பட்டன் போன் வேண்டும். ஜியோபாரத் என்று 2023-ல் வந்த பட்டன் போனுக்கென்றே தனியாக மலிவுத் திட்டங்கள் இருக்கின்றன. 28 நாளுக்கு 123 ரூபாய் என்று தொடங்கினார்கள். அந்தத் திட்டம் அந்தப் போனில் மட்டும்தான் ஓடும். புதிதாகப் போன் வாங்கப் போகிறவர் இதையும் சேர்த்துக் கணக்குப் போடலாம். அம்மாவுக்குப் பழகிய போனை மாற்ற மனமில்லை. நானும் வற்புறுத்தவில்லை. பட்டனைப் பார்க்காமலே எனக்கு டயல் செய்யத் தெரிந்த கை அது.

நிறுவனம் மாற்றுவது நினைத்ததைவிட எளிது. போர்ட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு, பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். நம் பக்கம் அது 4 நாள்தான் செல்லும். ரீசார்ஜில் மெசேஜ் வசதி இல்லாதவர்களும் இந்த மெசேஜை அனுப்ப வழி செய்ய வேண்டும் என்று 2021 டிசம்பரிலேயே ட்ராய் எல்லா நிறுவனங்களுக்கும் உத்தரவு போட்டிருக்கிறது. மெசேஜ் போகாது என்று யாராவது சொன்னால் அதைச் சொல்லுங்கள். ஒரு நிறுவனத்தில் சேர்ந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும். பழைய நிறுவனத்தில் மிச்சமிருக்கும் நாட்களும் பேலன்ஸும் கூட வராது. ஆகவே வேலிடிட்டி முடியும் தறுவாயில் மாற்றுவது நல்லது. முடிந்த பிறகு என்று தள்ளிப்போடவும் வேண்டாம். மாறுகிற அன்று சில மணி நேரம் போன் செத்துக் கிடக்கும், வங்கி வேலையை அன்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தக் குறியீட்டோடு புது நிறுவனத்தின் கடைக்குப் போய், கைரேகை வைத்துப் புது சிம் வாங்க வேண்டும். அம்மாவுக்கு அந்தக் கைரேகைதான் தடையாக இருந்தது. களை வெட்டி, பால் கறந்து தேய்ந்த விரல்கள். கட்டை விரலை வைத்துப் பார்த்தார், ஆள்காட்டி விரலை வைத்துப் பார்த்தார், மெஷின் ஏற்கவில்லை. ஈரத் துணியால் துடைத்துவிட்டு, இடது கை விரல்களை ஒவ்வொன்றாக வைத்ததில் ஒன்று பதிந்தது. வயதானவரைக் கூட்டிப் போகும்போது கூட்டம் இல்லாத காலை நேரமாகப் போங்கள். ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும்.

வருடத் திட்டமா, 84 நாளா என்பதில் எனக்கு நீண்ட நாள் தயக்கம் இருந்தது. வருடத் திட்டத்தில் நாள் விலை குறைவு. நடுவில் விலை ஏறினாலும் நம்மைத் தொடாது. 2024-ல் விலை ஏற்றப் போவதாக ஜூன் கடைசியில் அறிவித்தார்கள், ஜூலை 3-லிருந்து அமலுக்கு வந்தது. அந்த இடைவெளியில் பழைய விலையில் வருடத்துக்குப் போட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர். மறுபக்கம், கட்டிய பணம் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளும். தமிழ்நாட்டில் இதை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே பிறந்து வளர்ந்த ஏர்செல் 2018-ல் சேவையை நிறுத்தியபோது லட்சக்கணக்கானவர்கள் நம்பரைக் காப்பாற்றிக்கொள்ள அலைந்தார்கள். அதனால் புது நிறுவனத்துக்கு மாறியவுடன் வருடத் திட்டம் போடாமல், முதலில் குறைந்த நாள் திட்டம் போட்டு ஒரு மழைக்காலத்தையாவது பார்த்துவிட்டு வருடத் திட்டத்துக்குப் போவது என்று வைத்துக்கொண்டேன். ஒரே தடவையில் அவ்வளவு பணம் எடுக்க முடியாதவருக்கு 84 நாள் திட்டமே சரி. நாளுக்கு அரை ரூபாய் கூடுகிறது என்பதற்காகக் கடன் வாங்கி வருடத்துக்குப் போட வேண்டியதில்லை.

கடையில் ரீசார்ஜ் போடும்போது அம்மாவுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தேன். முன்பு ஒருமுறை கடைத் தம்பியிடம் "மாசத்துக்குப் போடு சாமி" என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தம்பி தினம் ஒன்றரை ஜிபி வரும் திட்டத்தைப் போட்டுவிட்டார். நெட்டே இல்லாத போனில் 28 நாளும் அத்தனை ஜிபி வீணாய்ப் போனது. இப்போது எந்தத் தொகை, எத்தனை நாள் என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலும் நானே கோவையிலிருந்து நிறுவனத்தின் சொந்த ஆப்பில் போட்டுவிடுகிறேன். பணம் அனுப்பும் ஆப்களில் ரீசார்ஜுக்கென்று ஓரிரு ரூபாய் சேர்த்து வாங்குகிறார்கள். அவசரத்துக்குப் பேலன்ஸ் இருக்கட்டும் என்று பத்து ரூபாய் டாப்-அப் போடுபவர்கள், கையில் வருவது 7 ரூபாய் 47 காசு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதுவும் வேலிடிட்டி இருந்தால்தான் பயன்படும். காலர் டியூன் மாதிரி எதையாவது தெரியாமல் அழுத்தி மாதாமாதம் காசு போனால் 155223-க்குப் பேசி நிறுத்தலாம். விளம்பர அழைப்பு நச்சரித்தால் 1909. திட்டத்தில் சொன்னது கிடைக்கவில்லை என்றால் 198-இல் புகார் பதிந்து, புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாமனாரின் கதை சுருக்கமானது. ஸ்மார்ட்போன், வீட்டில் வைஃபை, வாட்ஸ்அப்பில் உறவுக்காரர்களுக்கு வணக்கம் சொல்வது, யூடியூபில் பக்திப் பாடல். அவருக்கும் ஆரம்பத்தில் தினசரி டேட்டா திட்டம்தான் போட்டுக்கொண்டிருந்தோம். வீட்டில் இருக்கிற நாளில் அந்த டேட்டாவைத் தொடவே மாட்டார், நள்ளிரவோடு அது போய்விடும். மருத்துவமனைக்குப் போய் வரிசையில் உட்காரும் நாளில்தான் அவருக்கு டேட்டா வேண்டும். இப்படி ஒருநாள் கூடவும் பலநாள் குறையவும் பயன்படுத்துபவருக்குத் தினசரி அளவு ஒத்துவராது. மொத்தமாகத் தரும் டேட்டாதான் சரி. முன்னால் சொன்ன 24 ஜிபி வருடத் திட்டம் போன்றதை அவருக்குப் போட்டோம். மாதம் சராசரி 2 ஜிபி. அது தாங்க வேண்டும் என்றால், வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் மொபைல் டேட்டாவில் தானாக இறங்குவதை நிறுத்த வேண்டும். ஆப் அப்டேட்டை வைஃபையில் மட்டும் வையுங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது டேட்டாவை ஆன் செய்வது, திரும்பி வந்ததும் அணைப்பது என்று அவரே பழகிக்கொண்டார்.

என்னுடைய இரண்டாவது சிம் கல்லூரிக் காலத்து நம்பர். பேசுவதே இல்லை, வங்கி ஓடிபிக்காக மட்டும் வைத்திருந்தேன். எந்தத் திட்டம் மலிவு என்று தேடித் தேடிக் கடைசியில், அந்த நம்பரே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தேன். வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் செலவழித்து வைத்திருக்கும் காரணம் இரண்டு வங்கிக் கணக்கும் ஒரு எல்ஐசி பாலிசியும்தான் என்றால், அவற்றில் நம்பரை மாற்றுவது ஒருமுறை வேலை.

ஆனால் ரீசார்ஜ் போடாமல் சும்மா விட்டுவிடுவது ஆபத்து. வேலிடிட்டி முடிந்ததும் முதலில் அவுட்கோயிங் நிற்கும், பிறகு இன்கமிங். ட்ராய் விதிப்படி 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ பேலன்ஸ் இருந்தால் துண்டிக்கக் கூடாது. துண்டித்த பிறகும் குறைந்தது 90 நாள் அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் ட்ராய் சொல்லியிருக்கிறது. அதற்கப்புறம் அது இன்னொருவர் கைக்குப் போய்விடும். நம் வங்கி மெசேஜ் அவருக்குப் போகும். அதனால் அந்த நம்பரின் மெசேஜ் பெட்டியைக் கீழிருந்து மேல்வரை படித்து, யாரிடமிருந்தெல்லாம் மெசேஜ் வந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டேன். பழைய நம்பருக்கு ஓடிபி வந்தால்தான் மாற்ற முடியும் என்கிற இடங்களை முதலில் முடித்தேன்: பிஎஃப், மின்னஞ்சல், ரயில் டிக்கெட் கணக்கு. வங்கிக்கு நேரில் போனேன். ஆதாருக்கு மையத்தில் டோக்கன் வாங்கிக் காத்திருந்தேன். யூபிஐ ஆப்பைப் புது நம்பரில் பதியும்போது போனிலிருந்து ஒரு மெசேஜ் வெளியே போக வேண்டியிருக்கும், அதற்கு அந்தத் திட்டத்தில் மெசேஜ் வசதியோ கொஞ்சம் பேலன்ஸோ வேண்டும். எல்லா இடத்திலிருந்தும் புது நம்பருக்கு மெசேஜ் வரத் தொடங்கிய பிறகுதான் பழைய சிம்முக்கு ரீசார்ஜை நிறுத்தினேன்.